வைரவருக்கு ஒரு வெள்ளித் தோட்டா

உரும்பிராய்
வெள்ளிக்கிழமை பின்னேரம்

அன்புள்ள கோகுலன் அண்ணைக்கு,

தங்கை தனுஷிகா மரியாதையுடன் எழுதுவது. நானும் அம்மாவும் மாமாவும் உடம்பளவில் சுகம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். அலாஸ்காவில் நீங்களும், நீங்கள் எண்ணுகிற மீன்களும், அந்த மீன்களைத் தின்ன வருகிற கரடிகளும் அவரவர் இடத்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று நம் ஊர்க் காவல் தெய்வம் வைரவரைத்தான் வேண்டியிருப்பேன். ஆனால் நம் குடும்பத்தின் பேரைக் கேட்டால் அவர் இப்போது எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார் என்று தெரியாததால், பொதுவாக எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று நினைப்பீர்கள். முகாமில் உங்களுக்குச் சிக்னல் இல்லை. எப்போதாவது பட்டினத்துக்கு வந்து நீங்கள் பார்க்கும் வாட்சப்பையோ, நான் எழுத எழுத அம்மா என் தோளுக்கு மேலால் வாசித்து, பிழை திருத்தி, சில வேளை என் பேரில் பதிலும் போட்டுவிடுகிறார். கடிதம் என்றால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதலாம். முதலில் வேண்டுகோளைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு வாசியுங்கள். அண்ணை, தயவுசெய்து அந்த நாற்பத்தொன்று றிவோல்வரை விற்றுவிடுங்கள். அங்கே எல்லாரும் வைத்திருக்கிற நாற்பத்திநாலை வாங்குங்கள். அதையும் வாங்காமல் ஊருக்கு வந்தால் இன்னும் நல்லது. நீங்கள் மேல் ஆற்றுக்குப் போய்த் திரும்பும்வரை அம்மாவுக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. அவருக்கு நித்திரை இல்லாதபோது என்னென்ன செய்யக்கூடியவர் என்பது எனக்கு இந்த மாதம்தான் தெரிய வந்தது.

பங்குனியில் நீங்கள் எடுத்த தொலைபேசி அழைப்பில் தொடங்கியது எல்லாம். “அம்மா, பயப்பிடாதையுங்கோ, மேல் ஆத்துக்குப் போகேக்கை கரடிக்காக ஒரு றிவோல்வர் வச்சிருக்கச் சொல்லுகினம், வாங்கிட்டன்” என்றீர்கள். ‘பயப்பிடாதையுங்கோ’ என்பதை முன்னால் போட்டால் பின்னால் எதையும் போடலாம் என்பது உங்கள் எண்ணம். இந்த வீட்டில் தீபாவளிக்குக் கூட வெடி கொளுத்தியதில்லை. நாலு வீடு தள்ளி ஒரு சைக்கிள் ரியூப் வெடித்தால் அம்மா இப்போதும் சுவரோடு ஒட்டி நிற்பவர். அப்படிப்பட்டவர் அழுவார், மயங்குவார், எறிந்துவிட்டு வா என்பார் என்று நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன். அம்மா கதிரையில் இருந்தார். மூச்சு விட்டார். பிறகு கேட்டார்: “அதுக்குத் தோட்டா கடையிலை கிடைக்குமோ?”

துப்பாக்கி எதற்கு என்றல்ல. மகனே நீ ஏன் அந்த வேலைக்குப் போனாய் என்றல்ல. தோட்டா கடையில் கிடைக்குமா என்று. அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. நீங்களாவது ‘ஓம்’ என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். “அதிலைதான் கொஞ்சம் கஷ்டம் அம்மா. எல்லாரும் வச்சிருக்கிறது நாற்பத்திநாலு அளவுதான். இது நாற்பத்தொண்டு. பென்சன் எடுத்துப்போன ஒரு மனுசன் தந்தது. நல்ல சாமான், ஆனால் கனபேர் பாவிக்கிறேல்லை” என்று அரிச்சந்திரனாக நின்றீர்கள். அத்தோடு உங்கள் தொடர்பு அறுந்தது. எங்கள் வீட்டில் சண்டை தொடங்கியது.

சிவசுப்பிரமணியம் மாமா அன்றைக்கே வந்துவிட்டார். அம்மாவின் தமையன் என்ற உரிமையில் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து, எங்கள் தேத்தண்ணியைக் குடித்து, எங்கள் அப்பாவின் தண்ணீர்ப் பம்பைத் திட்டத் தொடங்கினார். உங்களுக்கு நினைவிருக்கும். ஊரில் எல்லாரும் வாங்கிய யப்பான் பம்பை வாங்காமல், அப்பா யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு நாட்டுப் பம்பை வாங்கினார். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை வந்து உதிரிப்பாகங்கள் நின்றன. எல்லார் பம்பும் சைக்கிள் ரியூபை வெட்டிப் போட்ட வொஷரில் ஓடியது. அப்பாவுடையது மட்டும் எதற்கும் மசியாமல் கிணற்றடியில் நின்றது.

“உன்ரை மனுசன் விட்ட பிழையைத்தான் மோனும் விட்டிருக்கிறான்” என்றார் மாமா. “சாமான் எவ்வளவு திறமெண்டாலும் ஊரோடை ஒத்ததை வாங்கோணும். அவனுக்கு அங்கை தோட்டா முடிஞ்சால் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? பக்கத்துக் கூடாரக்காரன் நாற்பத்திநாலை நீட்டுவான். அது இதுக்கை போகாது. கரடி பொறுத்துக்கொண்டு நிக்குமோ?”

அண்ணை, மாமா சொன்னது நியாயம். நான் கூட மனதுக்குள் தலையாட்டினேன். ஆனால் அவர் அப்பாவின் பம்பைத் தொட்டிருக்கக் கூடாது. அப்பா போய் இத்தனை வருடமாகியும் அந்தப் பம்பைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்காதவர் அம்மா. அவர் முகம் மாறியது. “நிண்டது வொஷர் இல்லாமல். ஓடின நாளிலை அது மாதிரித் தண்ணி ஆர்ரை கிணத்திலை வந்தது? நீங்களும் வந்துதானே வாளியோடை நிண்டனீங்கள்?” என்றார். அந்த நிமிடத்தில் அம்மா நாற்பத்தொன்றின் பக்கம் சேர்ந்தார். அதுவரை அந்தச் சாமானைப் படத்தில் கூடப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து படிப்பு. உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவரின் கையில் ஒரு பிரச்சினையும் ஒரு தொலைபேசியும் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நான் நூலக வேலை முடிந்து வரும்போது சோற்றுப்பானை அடுப்பில் இருக்கும், அம்மா அரிசோனாப் பாலைவனத்தில் இருப்பார். காணொளியில் தொப்பி போட்ட கிழவர்கள் தண்ணீர் நிரப்பிய பானைகளை வரிசையாக வைத்துத் துப்பாக்கியால் சுடுவார்கள். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, “இந்த மனுசன் உந்தம் எண்டு சொல்லுற இடத்திலை சக்தி எண்டு சொல்லுறான், வாத்தியார் சரியில்லை” என்பார். பொழுதுபட மாமா வருவார். பாறை போன்ற முகத்தோடு இருவரும் எதிரெதிரே இருப்பார்கள்.

“நாற்பத்திநாலு எண்டு பேர். அளந்து பாத்தால் நாற்பத்தி மூண்டும் இல்லை, பேரிலேயே பொய்” என்பார் அம்மா. “நாற்பத்தொண்டை அளந்தால் நாற்பத்தொண்டுதான். பின்னுக்கு உதைக்கிறதும் குறைவு. நேராய்ப் போகும்.”

“கரடி அளந்து பாக்குமோ, பாலேஸ்?” என்று அம்மாவின் பேரைச் சொல்லிக் கேட்பார் மாமா.

“ரெண்டுக்கும் அரை மில்லிமீற்றர்தான் வித்தியாசம். அரை மில்லிமீற்றருக்காகப் பொய் சொல்லுற சாமானை நம்பி என்ரை பிள்ளையை விடேலுமோ?”

“வவுனிக்குளத்திலை வேலை செய்யேக்கை கரடிக்கு முன்னாலை நிண்டவன் நான். இந்த வீட்டிலை வேறை ஆர் நிண்டது?”

“நிண்டு என்ன செய்தனீங்கள்?”

“ஓடினனான்.”

“கரடியைக் கண்டால் ஓடக் கூடாதெண்டு போட்டிருக்கு அண்ணை.”

“அது எனக்கும் தெரியும். கரடிக்கும் தெரிஞ்சிருக்கும். காலுக்குத் தெரியேல்லை.”

இதற்கிடையில் தொலைபேசித் திரை சிறியது என்று அம்மா அதை நீங்கள் அனுப்பிய பெரிய தொலைக்காட்சியில் இணைக்கப் பழகிக்கொண்டார். சத்தத்தைக் கூட்டவும் பழகிக்கொண்டார். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கோயில் தலைவர் இராசநாயகம் ஐயா சைக்கிளில் போனார். எங்கள் வீட்டு வாசல் படலைக்கு நேரே அவர் வர, வீட்டுக்குள் இருந்து ஒரு வெடி. அடுத்த கணம் சைக்கிள் மேலே, இராசநாயகம் ஐயா கீழே. மீன் வாங்கிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் வேலியோரம் குப்புறப் படுத்துவிட்டார்கள். நானும் புழுதியில் கிடக்கிறேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போர் முடியும்போது எனக்கு என்ன வயது? என் மூளை மறந்தாலும் முழங்கால்கள் மறக்கவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தால், ஒழுங்கையிலேயே நிமிர்ந்து நிற்கிற ஒரே ஆள் அம்மா. கையில் ரிமோட். “ஏன் எல்லாரும் படுத்திருக்கிறியள்?” என்று கேட்டார்.

“என்ன ரீச்சர் சத்தம் உது?” என்றார் இராசநாயகம் ஐயா நிலத்தில் இருந்தபடியே.

“நாற்பத்தொண்டு.”

அவர் எழும்பி வேட்டியைத் தட்டினார். “நாங்கள் கேட்ட பழைய சத்தங்கள் மாதிரி இல்லை” என்றார்.

“ஓம் ஐயா. கொஞ்சம் கூர்மை கூட.”

இரண்டு பேரும் படலையில் நின்று, நேற்றைய திருவிழாவில் வாசித்த நாதஸ்வரத்தைப் பற்றிக் கதைப்பது போல அந்தச் சத்தத்தைப் பற்றிக் கதைத்தார்கள். என் சட்டையெல்லாம் செம்மண். யார் விசர், யார் தெளிவு என்று தீர்மானிக்க முடியாமல் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஆனாலும் ரீச்சர் வீட்டில் ஏதோ நடக்கிறது என்ற கதை அன்றே ஊரில் விழுந்துவிட்டது.

பிறகு நீங்கள் மேல் ஆற்றுக்குப் புறப்படுகிற செய்தி வந்தது. கடையில் ஒரே ஒரு பெட்டித் தோட்டாதான் கிடைத்தது என்றும் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நீங்கள் சிரிக்கும்போது அம்மாவும் சிரித்தார். தொலைபேசியை வைத்த பிறகு குசினிக்குள் போய், கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். படிப்பெல்லாம் படித்து, மாமாவை வென்று, கணக்கெல்லாம் செய்து முடித்த பிறகும் ஒரு பெட்டி ஒரு பெட்டிதான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை மாமாவிடம் ஒப்புக்கொள்ள முடியாது. ஆகவே வைரவரிடம் போனார்.

வைரவருக்கு வடைமாலை சாத்துவார் என்றுதான் நான் நினைத்தேன். அம்மா நகை செய்கிற தியாகலிங்கம் பத்தரிடம் போயிருக்கிறார். கண் நோய்க்கு வெள்ளிக் கண், கால் நோவுக்கு வெள்ளிக் கால் செய்து உண்டியலில் போடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மா தன் பழைய வெள்ளிக் கொலுசைக் கொடுத்து, அளவெல்லாம் குறித்து ஒரு படமும் கீறிக் கொடுத்திருக்கிறார். பத்தர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது கோயில் அம்மாளுக்குச் சாத்துற லிப்ஸ்ரிக்கோ ரீச்சர்?” என்று கேட்டாராம். “நேர்த்திச் சாமான் எண்டு சொன்னால் காணும். ஆனால் அளவு பிசகக் கூடாது” என்றாராம் அம்மா. பத்தர் அளவு பிசகவில்லை. அடியில் துப்பாக்கி ஊசி குத்துகிற சின்ன வட்டம் உட்பட, அசல் நாற்பத்தொன்று. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த விடயங்கள். கேட்டபோது அம்மா சொன்னார்: “கண்ணுக்கு நேர்த்தி வச்சவன் கண்ணைத்தானே செய்யிறான், மூக்கையோ செய்யிறவன்?”

போன ஞாயிற்றுக்கிழமை, அலங்காரத் திருவிழாவுக்கு முன்னால் உண்டியல் திறந்தார்கள். மண்டபத்தில் பாய் விரித்து, சில்லறை பிரிக்கப் பெண்களை இருத்தினார்கள். அம்மாவும் நானும் இருந்தோம். இராசநாயகம் ஐயா உண்டியலைக் கவிழ்த்தார். சில்லறை கொட்டியது, இரண்டு வெள்ளிக் கண் விழுந்தது, ஒரு வெள்ளிப் பாம்பு விழுந்தது, பிறகு அது விழுந்தது. உருண்டு போய் அவருடைய பெருவிரலில் முட்டி நின்றது.

ஒருவரும் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். மிதிவெடி விழிப்புணர்வு வகுப்பில் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் ஓதியிருக்கிறார்கள்: தொடாதே, ஓடாதே, வந்த கால்தடத்திலேயே பின்னால் போ. முழு மண்டபமும் எழும்பி, வந்த கால்தடத்தைத் தேடித் தேடிப் பின்பக்கமாக நடந்தது. சீமெந்துத் தரையில் ஏது கால்தடம்? ஆனாலும் எல்லாரும் குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் காலை வைத்தார்கள். நானும் வைத்தேன். சிவப்பு நாடா இல்லாததால் குருக்கள் ஐயா குங்குமத்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பழக்கதோஷத்தில் நடுவே ஒரு பூவையும் எறிந்தார். அம்மா மட்டும் என்னிடம், “பிள்ளை, அது...” என்று தொடங்கினார். நான் பயத்தில், “கதையாதையுங்கோ அம்மா, அதிர்வு கூடாது” என்று அவர் வாயைப் பொத்தி, கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்தப் பாவம் என்னுடையது.

பொலிஸ் வந்தது. பொலிஸ் வந்து பார்த்துவிட்டு வெடிபொருள் அகற்றும் பிரிவுக்குச் சொன்னது. அவர்கள் ஒரு வாகனத்தில் வந்தார்கள். ஒரு அதிகாரி, தலைக்கவசம், கழுத்து மறைக்கிற கனத்த அங்கி, பெரிய சப்பாத்து எல்லாம் போட்டு, சந்திரனில் இறங்கியவர் போல வாசலுக்கு வந்தார். குருக்கள் ஐயா வழியை மறித்தார்.

“மேல்சட்டையோடை உள்ளுக்கை போகேலாது.”

அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். “ஐயா, இது சட்டை இல்லை. வெடிச்சா காப்பாத்துற உடுப்பு.”

“காப்பாத்துறதுக்கு உள்ளுக்கை ஒருத்தர் இருக்கிறார்” என்றார் குருக்கள் ஐயா. “அவருக்கு முன்னாலை ஆம்பிளையள் மேல்சட்டை போடுறேல்லை. சப்பாத்தும் கழட்டோணும்.”

அரை மணித்தியாலம் பேச்சுவார்த்தை. திரையை மூடிவிட்டால் வைரவர் பார்க்கமாட்டார்தானே, அங்கியோடு போகலாமே என்று இராசநாயகம் ஐயா ஒரு சமரசம் சொன்னார். திரை மூடியிருந்தாலும் அவருக்குத் தெரியும் என்றார் குருக்கள் ஐயா. கடைசியில் அந்த மனிதர் பெருமூச்சு விட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி, அங்கியைக் கழற்றி, பெனியனையும் கழற்றி, யாரோ நீட்டிய சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடும் வெறுங்காலோடும் வெடிபொருளை நோக்கி நடந்தார். இவ்வளவு தூரம் வந்தவர்தானே என்று யாரோ அவர் நெற்றியில் திருநீறும் பூசிவிட்டார்கள். அவர் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாரோ தெரியாது. நான் எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டேன்.

அவர் குந்தியிருந்து பார்த்தார். ஒரு குச்சியால் தொட்டார். பிறகு விரலால் எடுத்து உருட்டி, வெளியே நின்ற எங்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “பயமில்லை. இது வெள்ளி. உள்ளுக்கை ஒண்டும் இல்லை. நாற்பத்திநாலு மாதிரி ஆரோ செய்து போட்டிருக்கு.”

ஊரே மூச்சு விட்டது. அந்த மூச்சுக்கு நடுவில், என் கையில் இருந்து கையை உருவிக்கொண்டு, அம்மா சொன்னார்: “நாற்பத்திநாலு இல்லைத் தம்பி. நாற்பத்தொண்டு. வடிவாய் அளந்து பாரும்.”

அண்ணை, ஒரு ஊர் முழுக்க ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருங்கள். நூலகத்தில் கூட மூலை மேசையில் இருக்கிறவள் நான். அடுத்துக் கேட்ட குரல் மாமாவுடையது. “நான் சொன்னனே! சொன்னனே! இவருக்கே தெரியேல்லை! ஆருக்கும் தெரியாத சாமானை வாங்காதையுங்கோ எண்டுதானே சொன்னனான்!” என்று அவர் ஒருவர் மட்டும் அந்த இடத்தில் மகிழ்ச்சியாக இருந்தார்.

பொலிஸ் நிலையத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். அவர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அம்மா வாக்குமூலம் கொடுத்தார்: மகன், மீன், கரடி, ஒரு பெட்டித் தோட்டா, வைரவர். எழுதிக்கொண்டிருந்த சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டு, “அப்ப அம்மா, கரடிக்கு உண்மையிலை எது நல்லது?” என்று கேட்டார். அம்மா “நாற்பத்தொண்டு” என்றார், மாமா “நாற்பத்திநாலு” என்றார், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அதற்குப் பிறகு அங்கே நடந்தது விசாரணையா வகுப்பா என்று என்னால் சொல்ல முடியாது. அம்மா மேசையில் இருந்த இறப்பரையும் ஸ்ரேப்பிளரையும் மோதவிட்டு உந்தம் விளங்கப்படுத்தினார். வெடிபொருள் அதிகாரி, இப்போது சட்டை போட்டுக்கொண்டு, பின்னால் நின்று தலையாட்டினார். குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் நீதிமன்றத்துக்கு அறிவித்த பிறகுதான் சாமானைத் திருப்பித் தரலாம் என்றார்கள். வைரவரின் சொத்து பொலிஸில் இருக்கக் கூடாது என்று இராசநாயகம் ஐயா இப்போது தினமும் போய் நிற்கிறார்.

நாங்கள் வீட்டுக்கு வருமுன் படம் முகப்புத்தகத்தில் வந்துவிட்டது. குங்கும வட்டம், பூ, நடுவில் தோட்டா. பின்னால் மங்கலாக, வாய் திறந்தபடி நான். சுவிசில் இருந்தும் லண்டனில் இருந்தும் சொந்தக்காரர்கள் தொலைபேசி எடுத்து, “என்ன, சண்டை திரும்பத் தொடங்கிட்டுதோ?” என்று கேட்கிறார்கள். நூலகத்துக்கு வருகிறவர்கள் புத்தகத்தை நீட்டிவிட்டு, “அந்த ரீச்சர் உங்கடை அம்மாவோ?” என்கிறார்கள். ஒருவர், தனக்குத் தெரிந்த ஒருவர் ஐந்நூறு என்று ஒன்று வைத்திருப்பதாகவும், அது எப்படி என்றும் கேட்டார். நான் அவருக்குத் தேவாரத் திரட்டைக் கொடுத்து அனுப்பினேன்.

இதையெல்லாம் நான் தாங்குவேன். அம்மாவைத்தான் தாங்க முடியவில்லை. வெளியில் எல்லாரோடும் வாதாடி வெல்கிறார். வீட்டுக்கு வந்ததும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், வாய்க்குப் போவதில்லை. “ஒரு பெட்டி எண்டால் எத்தினை தோட்டா, பிள்ளை?” என்று நேற்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார். நாற்பத்தொன்று நல்ல சாமானாகவே இருக்கட்டும், பேரில் பொய் இல்லாததாகவே இருக்கட்டும். தேவைப்படும் நேரத்தில் கிடைக்காத நல்லதை வைத்து என்ன செய்வது? மாமா சொன்னதுதான் சரி. அதை விற்றுவிட்டு, பெட்டிக் கடையிலும் கிடைக்கிற நாற்பத்திநாலை வாங்கி, பை நிறையத் தோட்டாவோடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அம்மா கத்துவார், ஆனால் கத்திவிட்டுச் சாப்பிடுவார். மீன் எண்ணத்தான் வேண்டுமென்றால் மயிலிட்டித் துறைமுகத்தில் வந்து எண்ணுங்கள். அங்கே கரடி இல்லை.

அம்மாவின் ஆசியும், மாமாவின் ஆசியும், கேட்காமலே தரப்பட்ட இராசநாயகம் ஐயாவின் ஆசியும் உங்களுக்கு. வைரவரின் ஆசி, நீதிமன்றத் தவணைக்குப் பிறகு. உடம்பைக் கவனமாகப் பாருங்கள், குளிருக்குக் காதை மூடுங்கள், ஆற்றங்கரையில் தனியே நடக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை
தனுஷிகா

பி.கு. சனிக்கிழமை காலை. கடிதத்தை ஒட்டுமுன், நீங்கள் பட்டினத்துக்கு வந்து போட்ட செய்தி வந்துவிட்டது. தோட்டா கிடைக்காததால் நாற்பத்தொன்றை முகாமில் யாருக்கோ விற்றுவிட்டு, நாற்பத்திநாலு வாங்கிவிட்டதாகப் போட்டிருக்கிறீர்கள். நான் கேட்டது கேட்குமுன்பே கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். மாமா ஒழுங்கை முழுக்க இனிப்புக் கொடுத்தார். அம்மா கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. மாமா கொடுத்த இனிப்பைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “வைரவருக்கு நான் எல்லா விபரமும் சொல்லிட்டன் பிள்ளை. பேர், நட்சத்திரம், ஆறு, முகாம், நாற்பத்தொண்டு. உரு வேறை செய்து காட்டியாச்சு. அந்த மனுசன் இப்ப அங்கை போய், நாற்பத்தொண்டு வச்சிருக்கிறவன் ஆரெண்டு பாத்து, அவனுக்குப் பக்கத்திலைதான் காவலுக்கு நிப்பார். கொண்ணன் கோகுலன் தனிய.” நான் அதை நம்பவில்லை, அண்ணை. நான் படித்தவள். ஆனால் வெறும் மேலோடு, அந்தக் குளிரில், ஒவ்வொரு கூடாரமாக எட்டிப் பார்த்துக்கொண்டு வைரவர் திரிகிறது என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆகவே மேலே எழுதியது முழுவதையும் வெட்டிவிட்டு வாசியுங்கள். வாங்கினவர் காலில் விழுந்தாவது அந்த நாற்பத்தொன்றைத் திரும்ப வாங்குங்கள். தோட்டா இல்லாவிட்டால் பரவாயில்லை, இடுப்பில் இருந்தால் போதும். இன்னொன்று: வைரவர் தன் வாகனமான நாயையும் கூட்டிக்கொண்டுதான் வருவார், உங்கள் முகாமில் நாய் விடுவார்களா என்று அம்மா கேட்கச் சொன்னார்.